மூன்று ஆப்ஷன், ஒரு கிராம் பேஸ்ட்

மருதம் பிரிண்ட்ஸ் கம்பெனியின் டிசைன் கம்ப்யூட்டர் சரியாகப் பதினொரு நிமிடம் ஓடும். பன்னிரண்டாவது நிமிடம் பிறப்பதற்குள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அணைந்துவிடும். அங்கே வேலை பார்க்கும் அறுபது பேரில் இவ்வளவு நேரம் தவறாத ஆள் வேறு யாருமில்லை.

அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவள் சித்ராதேவி. திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில், அவிநாசிபாளையத்தைத் தாண்டியதும் வருகிற தகரக் கூரைக் கட்டடம்தான் கம்பெனி. வெட்டிய பனியன் துணி வரும். அதன் மேல் படம் அச்சடித்து அனுப்புவார்கள். வெளிநாட்டுப் பார்ட்டி அனுப்பும் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு ஃபிலிம் எடுத்துக் கொடுப்பது சித்ராவின் வேலை. அந்த ஃபிலிமை வைத்துத்தான் அச்சடிக்கும் ஸ்கிரீன் செய்வார்கள்.

இந்த வாரம் வந்த படம் ஒரு டைனோசர். சைக்கிள் ஓட்டுகிறது, ஒரு கையில் குடை வேறு பிடித்திருக்கிறது. எந்த ஊர்க் குழந்தை இதைக் கேட்டது என்று தெரியவில்லை, ஒன்பது நிறம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பார்ட்டியின் ஆள் நேரில் வந்து ஒன்பது ஃபிலிமையும் பார்ப்பார். பதினொரு நிமிடத்துக்கு ஒரு முறை செத்துப் பிழைக்கிற கம்ப்யூட்டரில் டைனோசரின் வாலைக்கூட முழுதாகப் பிரிக்க முடியவில்லை.

புதன்கிழமை ஓனர் மருதாசலம் ஏசி அறைக்குள் வந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்கண்ணு, ஏசிய பதினெட்டுல வெச்சிருக்குது. எனக்கே குளுருல பல்லு அடிக்குது. இதுக்கென்னுங்க சூடு?"

"வெளிய குளிர்ந்தாலும் உள்ள கொதிக்குது சார்."

"நம்ம மாப்பிள்ளை மாதிரிங்கறீங்க." அவர் பெருமூச்சு விட்டார். பிறகு, கெட்ட செய்தியைச் சொல்வதற்கென்றே வைத்திருக்கும் கனிவான குரலை எடுத்தார். "வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாகலீன்னா இந்த வேலைய டவுன்ல ஸ்டுடியோவுக்கே குடுத்தர்லாமுங்க. இந்த ரூமக் கோடவுனாக்கிப் போடலாம். நீங்க திங்கக்கெழமையிலிருந்து பழையபடி செக்கிங் டேபிளுக்கு வந்துருங்க. வேலை ஒண்ணும் போகாது, பயப்படாதீங்க."

பயப்படாதே என்றால் எப்படி? சித்ரா அந்தச் செக்கிங் டேபிளில் ஆறு வருடம் நின்றவள். ட்யூப்லைட்டுக்கு அடியில் நாள் முழுக்க நின்று, துணியில் எங்கே கறை, எங்கே ஓட்டை என்று தேடி, அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வீட்டுக்குப் போனால் சோற்றுத் தட்டிலும் கறை தேடும் கண். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய டிசைனருக்குப் பின்னால் நின்று நின்று, திட்டு வாங்கி வாங்கிக் கம்ப்யூட்டர் வேலையைக் கற்றுக்கொண்டாள். அவர் வேலையை விட்டுப் போனபோது அந்த உருளும் நாற்காலி இவளுக்கு வந்தது. அந்த நாற்காலியை விட அவளுக்கு மனசே இல்லை. மேஜை இழுப்பறையில் இன்னும் பாதி ரோல் அம்பு ஸ்டிக்கர் கிடந்தது. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அதை இன்னும் உள்ளே தள்ளி வைப்பாள்.

முந்தின நாளே டீ நேரத்தில் செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, துணிந்து கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றியிருந்தாள். உள்ளே ஒரு பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சு. பனியன் கம்பெனிக் கம்ப்யூட்டருக்குள் அது இல்லாமல் வேறென்ன இருக்கும்? ஊதி எடுத்தாள். முன்பு ஒன்பது நிமிடத்தில் அணைந்தது பதினொன்றானது அப்படித்தான். அதற்கு மேல் ஏறவில்லை.

இப்போது ஓனர் போனதும், கம்ப்யூட்டரின் மூளையான புராசசரின் மேல் உட்கார்ந்திருந்த காற்றாடியையும் அதன் அடியிலிருந்த உலோகக் கட்டியையும் கழற்றிப் பார்த்தாள். இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் பூசியிருந்த பேஸ்ட், காய்ந்த திருநீறு மாதிரி உதிர்ந்தது. அந்தப் பேஸ்ட்தான் புராசசரின் சூட்டை மேலே இருக்கும் கட்டிக்குக் கடத்தும் என்று வீடியோக்காரர் சொல்லியிருந்தார். அது செத்தால் சூடு உள்ளேயே சுற்றும். உடனே திருப்பூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முகிலனுக்குப் போன் போட்டாள்.

"அது சின்ன விஷயமுங்க அக்கா," என்றான் முகிலன். "ஊசி மாதிரி ட்யூப்புல சாம்பல் கலர் பேஸ்ட்டு ஒண்ணு இருக்குது, அதான் நல்லது. நடுவால ரெண்டு பச்சரிசி அளவு வெச்சு மேல கட்டிய அமுக்குங்க, தானாப் பரவிக்கும். அதிகமா வெச்சாலும் கெடுதலுங்க. அஞ்சு நிமிச வேலை."

அஞ்சு நிமிட வேலைதான். மருதாசலம் இல்லாத ஊரில்.

இந்த இடத்தில் மருதாசலத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இனி நடப்பதை யாரும் நம்பமாட்டார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் கம்பெனியில் யாரோ யாரையும் கேட்காமல் ஒரு கருப்புக்குப் பதில் இன்னொரு கருப்பை அச்சடித்துவிட, பார்ட்டி மொத்த சரக்கையும் திருப்பி அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து அவர் ஒரு விரதம் எடுத்துக்கொண்டார். எந்தப் பொருளாக இருந்தாலும் ஏ, பி, சி என்று மூன்று ஆப்ஷன் வர வேண்டும். டெஸ்ட் செய்ய வேண்டும். பாஸானதை அட்டையில் ஒட்டி, டேப் போட்டு, டேப்பின் மேல் அவர் கையெழுத்து விழ வேண்டும். அதற்குப் பெயர் சீல் சாம்பிள். அதற்கப்புறம் அந்தப் பொருளைத் தவிர வேறெதையும் யாரும் தொடக் கூடாது. அச்சுப் பேஸ்ட்டுக்கு இது நியாயம்தான். ஆனால் அந்தக் கம்பெனியில் டீத்தூளுக்கும் சீல் சாம்பிள் உண்டு. பினாயிலுக்கு உண்டு. வாட்ச்மேனின் விசிலுக்கு உண்டு. மூன்று விசிலையும் அவரே ஊதிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

ஆகவே, "கம்ப்யூட்டருக்கு ஒரு பேஸ்ட் வேணும் சார்" என்று சித்ரா சொன்னதும், அவர் முகம் மலர்ந்தது.

"மூணு ஆப்ஷன் வரச் சொல்லுங்க."

கம்பெனி வேனில் முகிலன் அனுப்பியது இரண்டுதான். ஊசி மாதிரி இருந்த ட்யூப்பில் ஒரு கிராம் சாம்பல் பேஸ்ட். சின்னப் பாக்கெட்டில் கொஞ்சம் வெள்ளைப் பேஸ்ட். மூன்றாவது கடையிலேயே இல்லையாம்.

"ரெண்டு வெச்சுட்டு எப்படிங்க அப்ரூவல் குடுக்கறது?" என்று கேட்டாள் பிரிசில்லா. பார்ட்டிகளுக்கு மெயில் போடுவதும் டெஸ்ட் எடுப்பதும் சீல் சாம்பிள் ஃபைலைக் கட்டிக் காப்பதும் அவள் பொறுப்பு. மூலனூர்க்காரி, மரியாதையில் ஒரு குறை இருக்காது, சட்டத்திலும் இருக்காது. "ஃபார்முல மூணு கட்டம் இருக்குதுங்க சித்ராக்கா. ஒண்ணச் சும்மா விட்டா ஓனர் கையெழுத்துப் போட மாட்டாருங்க."

அந்த மூன்றாவது கட்டத்துக்குள்தான் வீரணன் புகுந்தார்.

வீரணன் பிரிண்டிங் மாஸ்டர். உசிலம்பட்டியிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமாகப் பேஸ்ட்டோடு வாழ்கிறவர். அவருடைய கலர் ரூமில் நாற்பத்திரண்டு டப்பா இருக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு ஊசி மருந்து மாதிரி ஒரு கிராம் பேஸ்ட் வெளியிலிருந்து வருவதை அவரால் தாங்கவே முடியவில்லை.

"என்னத்தா சித்ரா, பேஸ்ட்டுக்கு வெளிய போறீகளாக்கும்? நான் செத்தா போயிட்டேன்?"

"அண்ணே, இது வேறண்ணே. இது சூட்டைக் கடத்தணும்."

"சூடா? என் பேஸ்ட்டு நூத்தம்பது டிகிரியில வெந்துட்டு வருது. உன் கம்ப்யூட்டரு எத்தன டிகிரி?"

"நூறத் தொட்டா அணைஞ்சிரும்ணே."

"நூறுக்கே படுத்துக்கிருமா?" வீரணன் கம்ப்யூட்டரை ஏளனமாகப் பார்த்தார். "சரி, சாம்பல் நிறம்தான வேணும்? ஒட்டணும், பரவணும், சூடு தாங்கணும். அம்புட்டுத்தான?"

வெள்ளிப் பொடி, அதை ஒட்டவைக்கும் பைண்டர், துவைத்தாலும் போகாமல் பிடிக்கக் கொஞ்சம் ஃபிக்ஸர் எல்லாம் போட்டு அரைமணி நேரத்தில் ஒரு கிண்ணம் நிறையக் கலக்கிக்கொண்டு வந்துவிட்டார். துணியில் பளபளவென்று வெள்ளி எழுத்து அடிக்கிற அதே சரக்குதான். பிரிசில்லா சாம்பல் ட்யூப்புக்கு 'ஏ', வெள்ளைப் பாக்கெட்டுக்கு 'பி', இதற்கு 'சி' என்று லேபிள் ஒட்டினாள். மூன்று கட்டமும் நிறைந்ததில் அவளுக்கு நிம்மதி. சித்ரா வாயைத் திறந்தாள். அதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டதால் உள்ளே ஓடினாள்.

வியாழக்கிழமை முழுக்க டெஸ்ட் நடந்தது. டெஸ்ட் என்றால் அந்தக் கம்பெனிக்குத் தெரிந்த டெஸ்ட். மூன்று பேஸ்ட்டையும் வெள்ளைப் பனியன் துண்டில் அச்சடித்தார்கள். முதலில் கலர் பெட்டிக்குள் வைத்து மூன்று வகை விளக்கில் பார்த்தார்கள். அதில் மூன்றும் பாஸ். பிறகு வாஷிங் மெஷினில் போட்டார்கள். ஏ-யும் பி-யும் முதல் தண்ணீரிலேயே கலைந்து, பக்கத்துத் துணியையும் அழுக்காக்கின. சி மட்டும் அலுங்காமல் வந்தது. தேய்த்துப் பார்த்தால் ஏ-யும் பி-யும் கையோடு வந்தன, சி அசையவில்லை. துணியை இழுத்துப் பார்த்தார்கள். சி-யில் ஒரு வெடிப்பு இல்லை. பிரிசில்லா கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டே போனாள்.

"சார், புராசசர யாரும் துவைக்க மாட்டாங்க," என்றாள் சித்ரா.

"இன்னைக்குத் தொவைக்கலீங்க," என்றார் மருதாசலம். "நாளைக்கு?"

சித்ரா கடைசி முயற்சியாக, சூட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கச் சொன்னாள். அதுவும் நியாயம்தான் என்று ஓனர் ஒப்புக்கொண்டு, மூன்றையும் அச்சுத் துணி வேகவைக்கும் நீளமான ஹீட்டருக்குள் அனுப்பினார். சி மறுபக்கம் வெந்து, இறுகி, மின்னிக்கொண்டு வந்தது. ஏ-யும் பி-யும் போனபடியே வந்தன.

"ஒண்ணுமே ஆகலீங்க சார்," என்றாள் பிரிசில்லா.

"வேகவே இல்லீங்க," என்று வருத்தப்பட்டார் மருதாசலம். "இத நம்பி எப்படிங்க கம்ப்யூட்டர்ல வெக்கறது?"

ஒன்றும் ஆகாமல் இருப்பதுதான் அதன் சிறப்பு என்று சித்ரா சொன்னது ஹீட்டர் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தாலும் ஃபார்மில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

சாயங்காலம் அட்டை தயாரானது. மூன்று ஆப்ஷனுக்கும் தலா ஒரு துண்டு அச்சுத் துணி. அதன் பக்கத்தில், வேகாத பச்சைப் பேஸ்ட் காயாமல் இருக்க ஒரு பொட்டு பாலிதீன் தாளுக்கு நடுவில். சி-யின் நேரே பெரிய டிக். எல்லாவற்றின் மேலும் டேப், டேப்பின் மேல் மருதாசலத்தின் கையெழுத்து. சித்ரா ஊசி ட்யூப்பை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. துவைக்க, தேய்க்க, இழுக்க, வேகவைக்க என்று ஒரு கிராமும் தீர்ந்துபோயிருந்தது. வெள்ளைப் பாக்கெட்டும் காலி. சி மட்டும் ஒரு கிண்ணம் மிச்சம் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் அதற்கும் மூன்று ஆப்ஷன் கேட்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வீரணன் தன் கருவிகளோடு வந்தார். புராசசரின் அளவுக்குச் சதுரமாக ஒரு குட்டி ஸ்கிரீன் செய்திருந்தார். அதை மேலே வைத்து, சி-யை ஊற்றி, ரப்பர் கட்டையால் மூன்று இழுப்பு இழுத்தார். எடுத்தபோது, சித்ராவே ஒரு கணம் அசந்துபோனாள். ஓரம் கோடு போட்ட மாதிரி. ஒரு துளி வெளியே சிந்தவில்லை. உலகத்தில் எந்தப் புராசசருக்கும் இவ்வளவு அழகாக யாரும் பூசியிருக்க மாட்டார்கள். அடுத்து அவர் அனல் காற்று ஊதும் ஹீட் கன்னைக் கையில் எடுத்தார்.

"அண்ணே! என்னண்ணே பண்றீங்க?"

"வேகவைக்க வேணாமாத்தா?"

சித்ரா கம்ப்யூட்டருக்குக் குறுக்கே விழுந்தாள். "அதக் குளிர வைக்கத்தாண்ணே இம்புட்டுப் பாடும்!"

வேகவைக்காமலே காற்றாடியைப் பொருத்தினார்கள். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. திரையின் மூலையில் சூடு காட்டும் எண் ஐம்பதில் தொடங்கியது. எழுபது. எண்பத்தைந்து. நாலாவது நிமிடத்தில் அணைந்துவிட்டது. உள்ளேயிருந்து, புதுச் சட்டைக் கடையில் வருமே, அந்த வாசம் வந்தது.

மருதாசலம் அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். பிறகு புராசசரைப் பார்த்தார். "அப்ரூவல்ல தப்பில்லீங்க," என்று தீர்ப்புச் சொன்னார். "சாம்பிள் சரியாத்தான் இருக்குது. நீங்க சாம்பிள் மாதிரி போடலீங்க." சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார். "நான் ஊட்டுக்குப் போயி சாப்பிட்டுட்டு ரெண்டரைக்கு வருவனுங்க. அதுக்குள்ள ஓடலீன்னா ஸ்டுடியோவுக்குப் போன் போட்டர்லாம். பார்ட்டி வர்றதுக்குள்ள அவங்களே ஃபிலிம் போட்டுக் குடுத்துருவாங்க."

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் டிபன் பாக்ஸோடு வெளியே போனார்கள். சித்ரா மட்டும் அந்த உருளும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகிலன் கடைக்குப் போய்வரப் பஸ்ஸை நம்பினால் மூன்றரை ஆகிவிடும். கம்பெனி வேன் சரக்கோடு போயிருந்தது. திங்கட்கிழமை நிற்க வேண்டிய இடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. அந்த ட்யூப்லைட்டில் ஒன்று இப்போதே சிமிட்டிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு வீரணன் வந்தார். ஒரு கையில் ஸ்கிரீன் கழுவும் தின்னர், இன்னொரு கையில் ஒரு கொத்து பனியன் வேஸ்ட்.

"இப்படிக் கெடுத்துப்புட்டேனேத்தா," என்றார். இருபத்திரண்டு வருடத்தில் தன் பேஸ்ட் தப்பு என்று அவர் முதல் முறையாகச் சொன்னது அன்றுதான். அதுவும் ஆளில்லாத நேரம் பார்த்து.

சுவிட்சை அணைத்துக் காற்றாடியைக் கழற்றப் போனால், அது புராசசரோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. துணியில் ஐம்பது தடவை துவைத்தாலும் போகாத சரக்கு அல்லவா? வீரணன் தின்னரைத் தொட்டுத் தொட்டு, மெதுவாகத் திருகித் திருகி எடுத்தார். பஞ்சுத் துணியால் இரண்டு பக்கத்தையும் கண்ணாடி போலத் துடைத்தார். துடைத்து என்ன? வைப்பதற்குப் பேஸ்ட் இல்லை.

அப்போதுதான் சித்ராவுக்கு அட்டை ஞாபகம் வந்தது. பாலிதீன் தாளுக்கு நடுவில், காயாமல், ஒரு பொட்டு ஏ.

பிரிசில்லா தன் மேஜையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஃபைல் அவள் முழங்கைக்கு அடியில் இருந்தது. சித்ரா விஷயத்தைச் சொன்னதும் அவள் கை பாதி வழியில் நின்றது.

"சீல உடைக்கறதுங்களா? அக்கா, இந்த ஒம்பது வருசத்துல ஒரு சீல்கூட உடைஞ்சதில்லீங்க. விசிலு சீலுகூட அப்படியே இருக்குதுங்க."

"உனக்கே தெரியும்லா, நான் அந்த டேபிள்ல எத்தன வருசம் நின்னேன்னு."

பிரிசில்லாவுக்குத் தெரியும். சித்ராவின் கால் வீங்கியபோது வெந்நீர் பிடித்துக் கொடுத்தவளே அவள்தான். பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடினாள்.

"நான் போயி இதக் கழுவிட்டு வர்றனுங்க. நல்லாக் கழுவோணும். கால்மணி நேரமாகுமுங்க," என்று சொல்லிவிட்டு, ஃபைலை மேஜையிலேயே விட்டுப் போனாள்.

சித்ரா டேப்பை நகத்தால் கிளப்பி இழுத்தாள். மருதாசலத்தின் கையெழுத்து நடுவில் கிழிந்தபோது கோயில் உண்டியலை உடைப்பது போலிருந்தது. பாலிதீனைப் பிரித்து, வெட்டிப் போட்ட ஃபிலிம் துண்டால் வழித்தாள். ஒரு பச்சரிசி வந்தது. இன்னும் வழித்தாள். ஒன்றரை. வீரணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்தார். தாளின் மடிப்பில் இன்னும் அரை அரிசி ஒளிந்திருந்தது, அதையும் விடவில்லை.

நடுவில் ஒரே பொட்டு. மேலே கட்டியை வைத்து நேராக அமுக்கினாள். நாலு ஸ்குருவையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். வீரணனுக்கு ரப்பர் கட்டையால் ஒரே ஒரு இழுப்பு இழுக்கக் கை அரித்தது. சித்ரா பார்த்த பார்வையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சுவிட்ச் போட்டாள். நாற்பத்தொன்று. நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு. அங்கேயே நின்றது. டைனோசர் திறந்தது. ஐந்து நிமிடம், எட்டு, பத்து. பதினொன்றாவது நிமிடத்தில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். பன்னிரண்டு. பதின்மூன்று. வீரணன் "யாத்தே!" என்று கத்திவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். சித்ரா சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், வாலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

இரண்டரைக்கு மருதாசலம் வந்தபோது ஆறு ஃபிலிம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் திரையின் மூலையில் சூடு காட்டும் எண்ணைப் பார்த்தார். இவ்வளவு வேலைக்குப் பிறகும் ஐம்பத்தெட்டுதான். முகம் பூரித்துவிட்டது.

"பாத்தீங்களா? அப்ரூவல் சாம்பிள் மாதிரி போட்டா ஏன் ஓடாது? சி-ன்னா சி தானுங்க!" வீரணன் தோளில் தட்டினார். வீரணன் தரையைப் பார்த்தார். "மாஸ்டரு, ஒரு கிலோ கலக்கிப் போடுங்க. பிரிசில்லா கம்ப்யூட்டருக்கு, அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டருக்கு, நம்மூட்டு டிவிக்கு, எல்லாத்துக்கும் போட்டர்லாம். சாயங்காலமே ஆரம்பிங்க."

சித்ராவின் கை மவுஸில் நின்றது. இன்னும் மூன்று ஃபிலிம். பேசாமல் இருந்தால் நாற்காலி அவளுடையது. ஆனால் அந்தச் சி உள்ளே போனால் பிரிசில்லாவின் கம்ப்யூட்டர் நாலு நிமிடத்தில் செத்துவிடும். தனக்காகப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவள் அவள்.

"சார், உள்ள இருக்கது சி இல்ல. ஏ. நான்தான் சீல உடைச்சு எடுத்தேன்."

பிரிசில்லா கிழிந்த அட்டையை இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தாள். மருதாசலம் நடுவில் பிளந்து கிடந்த தன் கையெழுத்தை விரலால் தடவினார். 'மருதா' ஒரு பக்கம், 'சலம்' ஒரு பக்கம். அதற்குள் சித்ரா மனசுக்குள் செக்கிங் டேபிளுக்குப் போய், ஸ்டிக்கர் ரோலையும் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

கடைசியில் அவர் கேட்டார்: "அப்ப, ஏ-வுக்கு அப்ரூவல் எங்கீங்க?"

"சார்?"

"உள்ள ஓடறது ஏ. அட்டையில டிக்கு சி-க்கு. நாளைக்கு ஆடிட்டுக்காரன் வந்து கேட்டா என்னுங்க சொல்றது? ஏ-க்குப் புது அட்டை போடுங்க. பச்சைப் பேஸ்ட்டு ஒரு பொட்டு வெக்கோணும்."

"ஏ தீந்துபோச்சு சார். இருக்கது பூராம் உள்ளதான் இருக்கு."

"தொறந்து கொஞ்சம் எடுங்க."

மூன்று பேரும் ஒரே குரலில் "ஐயோ!" என்றார்கள். நேரம் இரண்டு ஐம்பது. மருதாசலம் ஓடுகிற கம்ப்யூட்டரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். மனிதர் உண்மையாகவே தவித்தார். ஒன்பது வருட விரதம் அல்லவா? அப்போது வீரணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே போய், தன் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். புது அட்டையில் ஏ என்று போட்டிருந்த இடத்தில் தன் வெள்ளிப் பேஸ்ட்டில் ஒரு பொட்டு வைத்தார். பிரிசில்லா பாலிதீன் போட்டாள், டேப் ஒட்டினாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மருதாசலம் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் அட்டையை விளக்கில் சாய்த்துப் பார்த்தார். பொட்டு பளபளத்தது. சாம்பல் பேஸ்ட் எங்கேயாவது பளபளக்குமா? இருபது வருடமாக நிறத்தையே பார்த்துப் பிழைக்கிறவருக்கு அது தெரியாதா? தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டார். பிறகு சித்ராவின் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு சிவப்பு அம்பை உரித்து, அந்தப் பொட்டைக் காட்டி நறுக்கென்று ஒட்டினார்.

"ஏங்கண்ணு, நாளைக்கு முகிலன் கடையில ஏ ட்யூப்பு ரெண்டு வாங்கி வெச்சிருங்க."

"அப்ரூவல் சார்?"

"எதுக்குங்க? உங்களுக்குத் தெரியுமல்ல." அவர் இழுப்பறையிலிருந்த ஸ்டிக்கர் ரோலை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது இனி உங்களுக்கு வேண்டாமுங்க. செக்கிங்ல கேட்டுட்டிருந்தாங்க, குடுத்தர்றன்."

அந்தக் கம்பெனியில் டீத்தூளுக்குக்கூடக் கிடைக்காத நம்பிக்கை அது. சித்ரா நாற்காலியை மேஜைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏழாவது ஃபிலிமைத் திறந்தாள்.

வாசல் வரை போன ஓனரைப் பிரிசில்லா கூப்பிட்டாள். "சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. அப்ரூவல் வேண்டாம்னு சொன்னத எழுத்துல குடுத்துட்டீங்கன்னா ஃபைல்ல வெச்சுக்குவனுங்க."

மருதாசலம் நின்றார். யோசித்தார். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் திரும்பி வந்தது.

"நல்ல யோசனைங்க," என்றார். "எப்படி எழுதறதுன்னு மூணு ஆப்ஷன் கொண்டு வாங்க."